சின்ன வீட்டில் இரண்டு பாக்ஸ்: சத்தம் கோளாறானால் எங்கே பார்க்க வேண்டும்

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்து வீடுகளில் முன்னறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள்ளேயே டிவி, திவான், பீரோ, தையல் மெஷின் எல்லாம் இருக்கும். ஜூன், ஜூலையில் சாரல் பிடித்துவிட்டால் ஈரத்துணிக் கொடியும் அங்கேதான் ஏறும். இந்த இடத்தில் ஐந்து ஸ்பீக்கர் பாக்ஸும், பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபரும் வைப்பது வீண் வேலை. பின்னால் வைக்கிற இரண்டும் பிடரியில் ஒட்டிக்கொண்டு கத்தும். ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), உருப்படியாக இரண்டு பாக்ஸ், அவ்வளவுதான் தேவை. பாட்டுக்கும் போதும், படத்துக்கும் போதும்.

படத்துக்கு ஸ்டீரியோ ஆகாது என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்டீரியோவே சினிமாவை மனதில் வைத்துப் பிறந்ததுதான். 1931இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டபோது, திரையில் ஆள் நகர்ந்தால் குரலும் கூடவே நகர வேண்டும் என்பது அவர் கணக்கு.

கீழே வருபவை, இப்படி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்கள். பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால், டிவி செட்டிங்கை மாற்றினால், ஒயரைத் திருப்பிச் சொருகினால் முடிந்துவிடும். ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யுங்கள், செய்ததும் கேட்டுப் பாருங்கள். நாலை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்பதும் தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது. ஆரம்பிக்கும் முன் பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் மூன்றையும் நடுவில் வைத்துவிடுங்கள். "எக்ஸ்ட்ரா பேஸ்", "3டி சவுண்ட்" மாதிரி பொத்தான்கள் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வசனம் புரியவில்லை, சண்டையும் பாட்டும் வந்தால் காது கிழிகிறது

முதல் இடம் இந்தப் புகாருக்குத்தான். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏற்றுவதும் இறக்குவதுமாகப் படம் பார்க்கிற வீடுகள் நிறைய. காரணம் ஒன்றில்லை, நாலைந்து உண்டு. எளிதானதிலிருந்து பார்ப்போம்.

படத்தின் ஒலித்தடம் 5.1 ஆக, அதாவது ஐந்து பாக்ஸுக்கும் ஒரு சப்வூஃபருக்குமாகப் பிரித்ததாக இருந்தால், வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். நம்மிடம் நடுவில் பாக்ஸ் கிடையாது. அதனால் அந்த நடுச் சேனலை 3 டெசிபல் குறைத்து இடம் வலம் இரண்டிலும் கலந்து கொடுக்க வேண்டும். டிவியோ செட்டாப் பாக்ஸோ இதைத் தானாகவே செய்யும், ஆனால் தன்னோடு இரண்டு ஸ்பீக்கர்தான் இணைந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலோ ஆண்ட்ராய்டு பாக்ஸிலோ ஸ்பீக்கர் அமைப்பு "5.1" என்று இருந்தால், நடுச் சேனல் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். வசனம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும், பின்னணி இசை மட்டும் கொட்டும். அமைப்பை "ஸ்டீரியோ" என்று மாற்றுங்கள். படம் ஓடுகிற செயலியில் மொழி தேர்வு செய்யும் இடத்தில் "தமிழ்", "தமிழ் 5.1" என்று இரண்டு தடங்கள் தெரிந்தால் 5.1 இல்லாததை எடுங்கள். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, தியேட்டர் கலவை. தியேட்டரில் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டுத்தான் கலக்கிறார்கள். அந்த இருட்டறையில் அது சரி. நம் வீட்டில் மின்விசிறி ஓடுகிறது, அடுக்களையில் மிக்சி ஓடுகிறது, தெருவில் மீன்காரர் ஹாரன் அடிக்கிறார். டிவியின் ஒலி மெனுவில் "நைட் மோட்" அல்லது "ஆட்டோ வால்யூம்" என்று இருக்கும், அதைப் போட்டால் அந்த இடைவெளி சுருங்கும். படத்துக்கு மட்டும் போடுங்கள். பாட்டுக்கு அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மிருதங்கத்தின் அடியெல்லாம் சப்பையாகிவிடும்.

மூன்றாவது, பாக்ஸ் இருக்கும் உயரம். நம் ஊரில் பாக்ஸைப் பரணில் ஏற்றுவதோ, சுவரில் ஆணியடித்து விட்டத்தோரம் மாட்டுவதோ வழக்கம். குழந்தை கை வைக்காது, எலி கடிக்காது, இடமும் மிச்சம். ஆனால் பேச்சின் தெளிவு, பாக்ஸிலுள்ள சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் தருகிற மேல்ஸ்தாயியில்தான் இருக்கிறது. உயிர் ஒலிகள் கீழே இருக்கும். க, ச, ட, த, ப என்ற வல்லினங்களை வேறுபடுத்திக் காட்டுவது ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அந்த ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். தலைக்கு மேலே போனால் போனதுதான். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து மூன்றே கால் அடி, பாயில் உட்கார்ந்து பார்க்கிற வீடென்றால் இரண்டரை அடி. பரணை விட்டு இறக்க வழியே இல்லையென்றால், பின்பக்கம் ஒரு மரத்துண்டைச் சொருகி முகம் கீழே உங்களைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். ஸ்டாண்ட் வேண்டுமானால் செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பிரானூர் பார்டர் மரக்கடைகளில் அளவு சொன்னால் அறுத்துத் தருவார்கள். கடையில் விற்கும் இரும்பு ஸ்டாண்டை விட அது கனமாகவும் அசையாமலும் நிற்கும்.

நாலாவது, அறையின் எதிரொலி. விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, பூசிய வெறும் சுவர், கான்கிரீட் கூரை என மூன்றும் சேர்ந்தால் வசனம் தன் மேல் தானே விழுந்து குழம்பும். அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். "ட்ரிங்" என்று ஒரு வால் நீண்டால் குற்றவாளி அறைதான். கயிற்றுப் பாயோ ஜமுக்காளமோ தரையில் விரியுங்கள், சன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். பக்கச் சுவரில் எங்கே துணி தொங்கவிட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உட்காரும் இடத்தில் இருந்துகொண்டு, இன்னொருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் பாக்ஸ் தெரிகிறதோ அங்கேதான் ஒலி மோதி உங்கள் காதுக்குத் திரும்புகிறது. அங்கே ஒரு புத்தக அலமாரி இருந்தாலும் போதும். சாரல் காலத்தில் ஈரத்துணிக் கொடி கட்டியிருக்கும்போது படம் தெளிவாகக் கேட்பதாகத் தோன்றியிருந்தால், அது பிரமை இல்லை.

இவ்வளவும் செய்தும் சில படங்களில் வசனம் மங்கலாகவே இருக்கும். மலையாளப் படங்கள் பலவற்றில் டப்பிங் இல்லாமல் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். நடிகர் முணுமுணுத்தால் முணுமுணுப்புதான் வரும். இங்கே எல்லோருக்கும் மலையாளம் ஓரளவு புரியும் என்றாலும் சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தகர ஷீட் கூரையில் மழை கொட்டுகிற ராத்திரிக்கும் அதே மருந்துதான்.

குரல் நடுவில் நிற்கவில்லை

ஸ்டீரியோ சரியாக இருந்தால் பாடுகிறவர் டிவிக்கு நடுவில், பாக்ஸே இல்லாத இடத்தில், நிற்பது போலக் கேட்கும். நடுச் சேனல் இல்லாமலே படம் பார்க்க முடிவது இதனால்தான். இதைச் சோதிக்க அறுபதுகளின் ஒரு சினிமாப் பாட்டு போதும். அவை மோனோவில் பதிவானவை, இரண்டு பாக்ஸிலும் ஒரே ஒலிதான் போகும். அதனால் பாட்டு முழுவதும் நடுவில் ஒரு கோடாகக் குவிய வேண்டும். பிற்காலத்தில் "ஸ்டீரியோ ஆக்கியது", "ரீமிக்ஸ்" என்று போட்டவற்றை எடுக்காதீர்கள், அவை ஏமாற்றும்.

குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் உட்காரும் இடம் சரியில்லை என்று பொருள். இரண்டு பாக்ஸுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொரு பாக்ஸிலிருந்தும் உங்கள் தலை வரையுள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நம் அறைக்கு ஐந்து முதல் ஆறரை அடி சரியாக வரும். டேப் இல்லையென்றால் ஒரு நூலை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒரு பாக்ஸ் பீரோ ஓரத்திலும் மற்றது வாசல் ஓரத்திலும் இருந்தால் பீரோ பக்கம் சத்தம் கூடித்தான் கேட்கும். அதற்குப் பேலன்ஸ் திருகைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம்.

குரல் எந்தப் பக்கமும் சாயாமல் அறை முழுக்கப் பரவி, எங்கிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாமல், பேஸும் மெலிந்து கேட்டால் அது வேறு கோளாறு. ஒரு பாக்ஸின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கின்றன. ஒரு பாக்ஸின் கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆம்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு பாக்ஸில் மட்டும் ஒயரை மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழைய கதைதான். ஒயரில் நிறக்கோடு இல்லாமல் எது பிளஸ் என்று குழம்பினால், ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

பாட்டில் இசை வருகிறது, பாடுகிறவர் மட்டும் காணவில்லை

கேட்டால் ஏதோ பேய் வேலை மாதிரி இருக்கும், பழுது அற்பமானது. போனிலிருந்து ஆம்புக்குப் போகும் 3.5 மி.மீ. ஜாக் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது அந்த ஒயரின் பொதுக்கம்பி அறுந்திருக்கிறது. அப்போது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும். போன் கவரைக் கழற்றிவிட்டு ஜாக்கை அழுத்திச் சொருகுங்கள். அப்படியும் வந்தால் ஒயரை மாற்றுங்கள்.

"ம்ம்ம்ம்" என்று ஓயாத முனகல்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த முனகல் அந்த 50 அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ்தான். எங்கிருந்து புகுகிறது என்று துப்புத் துலக்க வேண்டும்.

வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டு போங்கள். முனகல் அப்படியே இருந்தால் ஆம்புக்குள்ளேயே கோளாறு. பழைய செட்டென்றால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை, ஆம்பின் உடம்பு மட்டும் உறுமுகிறது என்றால் அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. அடியில் ரப்பர் வைத்தால் அடங்கும். வால்யூமைக் கூட்டக் கூட்ட முனகலும் கூடினால் வெளியே இருந்து வருகிறது. இனி ஒவ்வொரு ஒயராகப் பிடுங்குங்கள்.

முதலில் பிடுங்க வேண்டியது செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயர். அதைக் கழற்றியதும் முனகல் நின்றால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. தெருவெல்லாம் சுற்றி வருகிற அந்த ஒயரின் வெளிக்கவசம் ஓர் எர்த், உங்கள் வீட்டு மூன்றாம் பின் இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வேறுபாடு இருக்கும், அதனால் ஓடும் மின்சாரம் ஆடியோ ஒயர் வழியாகச் சுற்றுகிறது. டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் ஒயரில் போனால் இந்தச் சுற்று அறுந்துவிடும், ஏனென்றால் அதில் போவது வெளிச்சம், கம்பித் தொடர்பே கிடையாது. ஆப்டிகல் வசதி இல்லாத ஆம்ப் என்றால் ஆப்டிகலைச் சாதாரண ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனை ஒயர்) ஆக்கித் தரும் சின்ன கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல் தனி போன் சார்ஜரிலிருந்து கொடுங்கள். டிவியிலிருந்து எடுத்தால் அந்தச் சின்ன ஒயர் வழியாகவே இரைச்சல் திரும்பப் புகுந்துவிடும். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே மூன்று பின் போர்டில் சொருகுவதும் முனகலைக் குறைக்கும்.

ஆம்பின் உலோக உடம்பைத் தொட்டதும் முனகல் மாறினால், அல்லது தொடும்போது சுருக்கென்று லேசாகக் கூசினால், வீட்டில் எர்த் சரியில்லை. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் சரியாகிவிடும். ஊற்றியும் சரியாகவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். "எர்த் பின்னை வெட்டிவிட்டால் போயிடும் அண்ணாச்சி" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முனகல் போகும் என்பது உண்மைதான். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் உள்ளே ஒயர் உடம்பில் பட்டால் அந்த மின்சாரம் போவதற்கு உங்கள் உடம்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும். வெட்டாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ர்ர்ர்" என்று வந்தால் உங்களிடம் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஆம்பில் குறையில்லை. சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும் வரை, கரண்ட் இல்லாத நேரத்தில் போனில் கேளுங்கள். மின்விசிறியை மூன்றில் வைத்தால் இரைகிறது, ஐந்தில் வைத்தால் நின்றுவிடுகிறது என்றால் ரெகுலேட்டர்தான் காரணம். படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் தீரும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டபோது மட்டும் வந்தால், படம் முடியும் வரை சார்ஜரைக் கழற்றி வையுங்கள்.

பேஸ் கும்முகிறது, அல்லது பேஸே இல்லை

இரண்டும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடக்கும், உட்காரும் இடத்தைப் பொறுத்து. பத்தடி என்பது ஏறத்தாழ 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை கச்சிதமாகப் பொருந்துகிற சுரம் 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையே கூடச் சேர்ந்து பாடும். நீளம் பத்து, அகலம் பத்து, உயரமும் பத்து என்று கட்டியிருந்தால் மூன்றும் ஒரே சுரத்தில் மோதும். கொத்தனாருக்கு வசதியான கணக்கு, காதுக்கு மிக மோசமான கணக்கு. பழைய ஓட்டு வீடுகளில் இந்தக் கும்மல் குறைவு. கூரை சரிவாக இருக்கிறது, ஓட்டு இடுக்குகள் வழியாகப் பேஸ் வெளியேறியும் விடுகிறது.

இந்த அலை சுவரோரம் கொழுத்தும் அறை நடுவில் மெலிந்தும் இருக்கும். அதனால் திவானைச் சுவரோடு ஒட்டிப் போட்டுச் சாய்ந்திருப்பவருக்குப் பேஸ் கும்மும், நடு அறையில் பாயில் இருப்பவருக்குப் பேஸே கேட்காது. இருவரும் செட்டைத்தான் குறை சொல்வார்கள். உங்கள் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து மூன்று மூன்றரை அடி முன்னே, அதாவது அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

பாக்ஸை மூலையில் வைக்காதீர்கள். மூலை என்பது இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்குகிற இடம். பக்கச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுவர் விஷயம் வேறு. புத்தகங்களில் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளச் சொல்வார்கள், நம் அறையில் ஒரு மீட்டர் தள்ளினால் பாக்ஸ் மடியில்தான் இருக்கும். ஒரு மீட்டரில் 86 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளமும் விழும். பின்சுவரோரம் அரையடியில் வைப்பதே சின்ன அறைக்கு ஏற்றது. பாக்ஸின் பின்புறம் ஓட்டை இருந்து கும்மினால் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அதில் செருகலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

நாலு அங்குல வூஃபர் (பேஸ் தரும் ஸ்பீக்கர்) வைத்த பாக்ஸிடம் கோயில் கொடை செட்டின் பேஸை எதிர்பார்க்க முடியாது. ஒரு சப்வூஃபர் சேர்க்கலாம். சேர்த்தால், எந்தச் சுரத்துக்குக் கீழே அது வேலை செய்ய வேண்டும் என்ற எல்லையை (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டு போய் வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சில சுரங்களுக்கு மட்டும் "கிர்ர்" என்று ஏதாவது அதிர்ந்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் சன்னல் கொண்டி, ஷோகேசில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர், தினசரிக் காலண்டரின் தகடு ஆகியவற்றைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

உதடு முன்னே, சத்தம் பின்னே

ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் காரணம் அதுதான். குரலைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் கால் நொடி வரை தாமதமாகலாம். பாட்டுக்கு அது தெரியாது, படத்துக்கு ஒயர் போடுங்கள். ஒயரிலும் சத்தம் பிந்தினால் டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை "பிசிஎம்" (சுருக்காத சாதாரண ஒலி வடிவம்) ஆக்குங்கள், தேவையற்ற ஒலி விளைவுகளை அணையுங்கள். சத்தம் முந்தினால் அது நல்ல செய்தி. "ஏவி சிங்க்" என்ற இடத்தில் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சரியாகிவிடும்.

சத்தமே இல்லை, அல்லது "கிர்ர்" என்று மட்டும் வருகிறது

ஆப்டிகல் கன்வெர்ட்டர் வைத்தவர்களுக்கு வரும் கோளாறு இது. சீரியலுக்குச் சத்தம் வரும், படம் போட்டால் ஊமையாகிவிடும். டிவி டால்பி வடிவத்தில் அனுப்புகிறது, சின்ன கன்வெர்ட்டருக்குப் பிசிஎம் மட்டும்தான் தெரியும். மேலே சொன்ன அதே "பிசிஎம்" செட்டிங்தான் மருந்து. பென் டிரைவில் போட்ட காணொளிக்கு மட்டும் சத்தம் வரவில்லையென்றால் அதன் ஒலித்தடம் டிடிஎஸ் என்ற வேறொரு வடிவத்தில் இருக்கலாம். பல டிவிகள் அதை வாசிக்காது. லேப்டாப் வழியாக ஓட்டுங்கள்.

ஒரு பாக்ஸ் ஊமை

ஆம்பின் பின்னால் இடம், வலம் ஆர்சிஏ ஒயர்களை மாற்றிச் சொருகுங்கள். ஊமை மறு பக்கம் போனால் கோளாறு ஒயரிலோ டிவி, போன் பக்கமோ இருக்கிறது. அதே பாக்ஸ் ஊமையாகவே இருந்தால், ஆம்பில் சொருகியிருக்கும் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். இப்போது ஊமை இடம் மாறினால் ஆம்பின் ஒரு சேனல் போயிருக்கிறது. மாறாவிட்டால் பாக்ஸ், அல்லது அதற்குப் போகும் ஒயர். இரண்டு மாற்றத்தில் குற்றவாளி சிக்கிவிடும். போனிலிருந்து மட்டும் ஒரு பக்கம் வரவில்லையென்றால் அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கும் பேலன்ஸ் கோட்டைப் பாருங்கள். குழந்தைகள் கை பட்டு ஓரத்துக்குப் போயிருக்கும்.

மலையோர ஊர்களில் இதற்குப் பெரும் காரணம் ஈரம். சாரல் முடிந்து ஆவணியில் செட்டைப் போட்டால் ஒரு பக்கம் வராது, ஜாக்கைத் திருகினால் வரும். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி அடித்துத் துடையுங்கள். வால்யூம் திருகைத் திருப்பும்போது "கரகர" என்றாலும் அதே மருந்தை உள்ளே அடித்து, அணைத்த நிலையிலேயே பல தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், துரு போக்கும் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் ஒயரின் நுனி கறுத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்து முறுக்குங்கள். முறுக்கிய இழையில் ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது, தொட்டால் ஆம்ப் போய்விடும்.

சத்தம் கூட்டினால் கரகரக்கிறது

பெட்டியில் 5,000 வாட் என்று போட்டிருக்கும். அது பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய விளம்பரக் கணக்கு, கண்டுகொள்ளாதீர்கள். ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதுதான் உண்மையான வாட். சின்ன அறைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? சாதாரண பாக்ஸ் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சுமாருக்குக் கொடுக்கும். இரண்டு பாக்ஸும் சேர்ந்து ஆறடியில் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பக்கத்து வீட்டார் வந்து நம் கதவைத் தட்டுவதற்கு அதுவே போதும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்று டெசிபல்தான். அதனால் 4440 என்ற ஐசி சில்லு வைத்து உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்பைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். அந்த ஐசி ஸ்டீரியோவில் சேனலுக்கு ஆறு வாட் கொடுக்கும், பாட்டுக் கேட்க அது தாராளம். ஆனால் அதைக் கடைசி வரை திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு தொடர்ந்தால் முதலில் போவது ட்வீட்டர்.

குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் துணியைக் கழற்றிக் கோனின் ஓரத்தைப் பாருங்கள். பழைய பாக்ஸ்களில் நுரை வளையம் பத்துப் பதினைந்து வருஷத்தில், ஈர ஊரில் இன்னும் சீக்கிரம், தொட்டாலே உதிரும். வளையத்தை மட்டும் மாற்றலாம், பாக்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். அரை மணி ஓடியதும் ஆம்ப் தானாக நின்று, ஆறினதும் மறுபடி ஓடினால், அதை மூடிய ஷோகேசுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அல்லது ஒரே முனையில் இரண்டு ஜோடிப் பாக்ஸைச் சேர்த்திருக்கிறீர்கள். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், சின்ன ஆம்ப் தாங்காது.

சுவர் ஒட்டிய வீட்டிலிருந்து புகார்

பேஸ்தான் சுவரைத் தாண்டும். பாக்ஸைப் பொதுச்சுவரில் அடித்த பலகையில் வைக்காதீர்கள். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அடியில் நாலு மூலைக்கும் வையுங்கள், பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணையுங்கள்.

அப்பாவோ மாமாவோ கல்ஃபிலிருந்து கொண்டுவந்த பழைய செட்டை எடுத்து ஓட்டப் போகிறீர்களா?

சொருகும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். சவுதியில் வீட்டு மின்சாரம் நெடுங்காலம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய செட்டில் 110 - 127 - 220 - 240 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் 240 அல்லது 220க்கு நகர்த்திவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். சுவிட்சே இல்லாமல் 110 அல்லது 127 என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் போடவே கூடாது. துபாய், குவைத் செட்டுகளுக்கு இந்தப் பயம் கிடையாது. பல வருஷம் பரணில் கிடந்த செட்டுக்குள் பல்லியும் எறும்புக் கூடும் இருக்கும், மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

போட்டதும் வூஃபர் கோன் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நின்றால், அல்லது கருகல் வாசம் வந்தால், உடனே அணைத்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். ஆம்பின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்து நேர்மின்சாரம் (டிசி) ஸ்பீக்கருக்குப் போகிறது, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் ஸ்பீக்கரும் போகும். இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. மெக்கானிக்கிடம் ஆம்பை மட்டும் கொண்டு போகாமல் இரண்டு பாக்ஸையும் ரிமோட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். எந்தச் சேனல், எவ்வளவு நேரம் கழித்து, எந்த ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதி ஆம்பின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.